முதலாந் தவணைக்கு ஒரு படக்கதைப் புத்தகம்: தேயிலை மலையிலிருந்து சில குறிப்புகள்

புதிய கல்வியாண்டு பிறக்கும்போது தோட்டத்து வீடுகளில் ஒரு பட்டியல் போடப்படும். கொப்பி, பென்சில், புத்தகப்பை, சப்பாத்து, குடை. பாடநூல்களை அரசாங்கம் 1980ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கொடுத்துவருவதால் அந்தச் செலவு இல்லை. மற்றதெல்லாம் சம்பளத்திலிருந்தோ கடனிலிருந்தோ வரவேண்டும். அந்தப் பட்டியலில் கதைப் புத்தகம் என்று எவரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதற்காகப் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. அடிப்படை நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாவைத் தொட்டது. 2024இல் 1,350 ரூபாவானது. வண்ணத்தில் அச்சான ஒரு நல்ல படப் புத்தகம் அதில் பெரும் பங்கைக் கேட்கும்.

ஆகவேதான், வாங்குகிற ஒரே ஒரு புத்தகமோ பாடசாலைக்கு யாரோ நன்கொடையாகத் தருகிற பத்துப் புத்தகங்களோ சரியானவையாக இருக்க வேண்டும் என்கிறேன். ஹட்டன் பக்கத்தில் ஆரம்பப் பிரிவில் கற்பிக்கும் ஓர் ஆசிரியை நான். வன்னியில் கற்பிக்கும் தோழிகள் இருவர், “முதல் மாதத்தில் பிள்ளைகளுக்கு எதை வாசித்துக் காட்டுகிறீர்கள்?” என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை விரித்து எழுதுகிறேன். மலைக்கும் வன்னிக்கும் உள்ள உறவு பழையது. 1958, 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அங்குள்ள வகுப்பறைகளில் இருக்கிறார்கள். போனவர்கள் 2009ஐயும் கண்டார்கள். ஆக, இது இரண்டு இடத்துக்கும் பொதுவான பேச்சு.

காது முந்தினால் கண் பின்னால் வரும்

வாசித்துக் காட்டுவது பிள்ளையை அமைதியாக உட்காரவைக்கும் உபாயம் என்றே பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய வேலை அதற்கு இருக்கிறது.

நம் பிள்ளை வீட்டில் “அவங்க வந்தாங்க” என்கிறது. பாடநூல் “அவர்கள் வந்தார்கள்” என்கிறது. புத்தகமே இல்லாத வீட்டிலிருந்து வரும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்த இரண்டாவது தமிழ் ஏறக்குறைய வேறொரு மொழி. தரம் ஒன்றில் அது எழுத்தையும் பழக வேண்டும், கேட்டே இராத வாக்கிய வடிவத்தையும் பிடிக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு ஏற்றம். எழுத்தைத் தட்டுத்தடுமாறிக் கூட்டி முடித்த பிறகும், கூட்டிய சொல் பழக்கப்பட்ட சொல்லாக இல்லாவிட்டால் பொருள் வராது. பொருள் வராத வாசிப்பைப் பிள்ளை சீக்கிரமே கைவிடும். தரம் மூன்று, நான்கில் பின்வாங்கில் அமர்ந்து கரும்பலகையைப் பார்த்து எழுத மட்டும் தெரிந்த பிள்ளைகளை எல்லா ஆசிரியர்களும் அறிவோம். அவர்கள் எழுதுவார்கள், ஆனால் எழுதியதை வாசிக்கமாட்டார்கள்.

வாசித்துக் காட்டும்போது அந்த இரண்டு ஏற்றங்களில் ஒன்று குறைகிறது. புத்தகத் தமிழின் ஓட்டம் காதுக்கு முதலில் பழகிவிடுகிறது. பிறகு கண் எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்தச் சுமை நம் பிள்ளைகளுக்குக் கூடுதலாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில்தான். இன்றைய தரம் ஒன்று பிள்ளையின் அப்பாயிக்கும் அம்மாயிக்கும் ஓராசிரியர் கொட்டகைதான் பாடசாலை. அதுவும் பலருக்கு வாய்க்கவில்லை. வீட்டில் புத்தகம் இல்லாதது அக்கறையின்மையால் வந்ததல்ல.

கண்ணாடியும் யன்னலும்

அமெரிக்கக் கல்வியாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்றில், பிள்ளைக்கு ஒரு புத்தகம் யன்னலாகவும் இருக்கலாம், கண்ணாடியாகவும் இருக்கலாம் என்றார். யன்னலில் பிறர் வாழ்க்கை தெரியும். கண்ணாடியில் தன் முகம் தெரியும். கறுப்பினப் பிள்ளைகளை மனதில் வைத்து அவர் சொன்னது மலையகத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

எங்கள் பிள்ளைகளுக்கு யன்னல்கள் தாராளம். தென்னந்தோப்பு, பனை, வயல், மாட்டுவண்டி, குளம். லயம், பீலி, கொழுந்துக் கூடை, பனிமூட்டத்தில் பாடசாலைக்கு இறங்கும் படிக்கட்டு, பிள்ளைக் காம்பராவில் தம்பியை விட்டுவிட்டு ஓடும் அக்கா என்ற கண்ணாடிதான் அரிது. தேயிலைப் பெட்டிகளில் சிரித்தபடி கூடை சுமக்கும் பெண்ணை உலகமே பார்த்திருக்கிறது. சுற்றுலாக் கண்ணோடு வரையப்பட்ட சில சிறுவர் நூல்களிலும் அவள் வருகிறாள், மலையைப் போல, அருவியைப் போல, பின்னணிக் காட்சியாக.

ஆகவே நான் புத்தகத்தைப் புரட்டும்போது முதலில் பார்ப்பது இது: இந்தப் படத்தில் உள்ள ஏழைப் பிள்ளைக்கு, தொழிலாளிக்கு, பெயர் இருக்கிறதா? அவளுக்கு ஏதாவது வேண்டுமா? அவள் எதையாவது முடிவு செய்கிறாளா? மூன்றுக்கும் பதில் “இல்லை” என்றால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கண்ணாடி அல்ல. மறுபக்கம், தேயிலையே வராத கதையும் கண்ணாடியாகலாம். அம்மா வேலையிலிருந்து வரும்வரை வாசலில் காத்திருக்கும் பிள்ளையின் கதை எந்த நாட்டில் நடந்தாலும் நம் இஸ்தோப்பில் நடந்ததுதான்.

எந்தத் தமிழில்?

இலங்கையில் கிடைக்கும் தமிழ்ப் படப் புத்தகங்களில் ஒரு பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருபவை. மற்றவை இங்கே எழுதப்பட்டவை. அங்கே “பாட்டி”, யாழ்ப்பாணத்தில் “அம்மம்மா”, எங்களுக்கு “அம்மாயி”. மண்வெட்டி எங்களுக்கு மம்பட்டி. புத்தகத்தை மூடிவைக்க இது காரணமாகாது, வாசிப்பவர் சற்று ஆயத்தப்பட வேண்டும் என்பதுதான்.

நான் வைத்திருக்கும் விதி எளிது. பெயர்ச்சொல்லுக்கு ஒருமுறை நம் சொல்லைச் சேர்ப்பேன், வினைச்சொல்லை அச்சில் உள்ளபடியே வாசிப்பேன். “பாட்டி அடுப்பை மூட்டினாள்” என்று வாசித்து, படத்தில் விரல் வைத்து “நம்ம அம்மாயி மாதிரி” என்பேன், அவ்வளவுதான். “மூட்டுனா” என்று மாற்றமாட்டேன். பிள்ளையின் காதுக்குப் பழக வேண்டியது அந்த “மூட்டினாள்”தான். அதை வழித்து எடுத்துவிட்டால் வாசித்துக் காட்டியதன் பாதிப் பயன் போய்விடும்.

மொழிபெயர்ப்பு நூல்களுக்கு இன்னொரு சோதனை. இரண்டு பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். நாக்கு இடறினால், வாக்கியத்தின் கடைசிவரை போய்த் திரும்பிவந்துதான் பொருள் புரிகிறதென்றால், அதைப் பிள்ளைக்கு எடுக்க வேண்டாம்.

வாசிக்கிறவரையும் நினைத்துத் தேர்ந்தெடுங்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் யெல்லா லெப்மன் என்ற பெண் ஜெர்மனிக்குத் திரும்பினார். யூதரான அவர் ஹிட்லர் ஆட்சியில் நாட்டைவிட்டுத் தப்பி இலண்டனில் வாழ்ந்தவர். இடிந்த நகரங்களில் பிள்ளைகளுக்கு உணவு எப்படித் தேவையோ அப்படியே புத்தகமும் தேவை என்று பல நாடுகளின் பதிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதினார். வந்து சேர்ந்த நூல்களை 1946இல் மியூனிக்கில் கண்காட்சியாக வைத்தார். அதிலிருந்தே 1949இல் சர்வதேச இளைஞர் நூலகம் உருவானது. அதே காலத்தில் ஃபெர்டினாண்ட் என்ற காளையின் கதையைத் தாமே மொழிபெயர்த்து, செய்தித்தாள் காகிதத்தில் 30,000 பிரதிகள் அச்சிட்டு பெர்லின் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்.

அந்தத் தேர்வை கவனியுங்கள். போரில் அடிபட்ட பிள்ளைகளுக்குப் போர்க்கதை கொடுக்கவில்லை, உபதேசமும் கொடுக்கவில்லை. சண்டைக்குப் போக மனமில்லாமல் மரநிழலில் அமர்ந்து பூ மணத்தை முகர விரும்பும் ஒரு காளையின் கதை. பிள்ளை சிரிக்கலாம். வேண்டுமானால் அதற்கு மேலும் நினைக்கலாம்.

நமக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. இன்று தரம் ஒன்றுக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் போருக்குப் பின் பிறந்தவர்கள். 2009இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று அவர்களுடைய தாய்மார், தந்தையர், முன்பள்ளி ஆசிரியைகள். அதாவது நம் காலத்தில் போரைச் சுமப்பது கேட்கிற காதைவிட வாசிக்கிற குரல்தான். வெடிச்சத்தமும் ஓட்டமும் நிறைந்த ஒரு கதையைப் பிள்ளை கைதட்டிக் கேட்கும். வாசிக்கிற தாய்க்குத் தொண்டை அடைக்கும். ஆகவே வாசிக்கப் போகிறவர் புத்தகத்தை முன்கூட்டியே தனியாக ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். தன்னால் நிதானமாக முடிக்க முடியாத கதையை ஒதுக்கிவைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

“புலி” என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைக் காடுகளில் வரிப்புலி இல்லை, இருப்பது சிறுத்தை. ஆனால் தோட்டத்தில் நாம் சிறுத்தையையும் புலி என்றே சொல்கிறோம். 2020 மே மாதம் நல்லதண்ணி பக்கத்தில் கம்பிச் சுருக்கில் சிக்கி இறந்த கருஞ்சிறுத்தையைப் பற்றிப் பேசாத லயம் இங்கே இல்லை. இங்கே “புலி வருது” என்று கதை வாசித்தால் பிள்ளைகள் மானாத் தோப்புப் பக்கம் திரும்பிப் பார்க்கும். அதே வரியை வாசிக்கும்போது பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள் என்று வன்னித் தோழி சொன்னார். “பிள்ளைகள்?” என்று கேட்டேன். “அதுக்கு எத்தனை பல்லு என்றுதான் கேட்குதுகள்” என்றார். பெரியவர்களின் தயக்கம் அவர்களோடு இருக்கட்டும். பிள்ளைக்கு அந்த மிருகத்தைக் காட்டலாம்.

எங்கள் பக்கத்துப் பயம் வேறு. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைக் குலைத்துப் போட்டது. மழைச் சத்தத்துக்கே எழுந்து உட்காரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மழைக் கதையைத் தவிர்க்கவா வேண்டும்? வெள்ளமும் சரிவும் வரும் கதையை முதல் தவணையில் தவிர்க்கிறேன். மழை விளையாட்டாக வரும் கதையைத் தேடி எடுக்கிறேன். சிபில் வெத்தசிங்கவின் ‘குட ஹொரா’ அப்படி ஒன்று. 1956இல் வெளிவந்த இந்தச் சிங்களக் கதை பல மொழிகளுக்குப் போயிருக்கிறது. குடையையே காணாத ஒரு கிராமம். நகரத்தில் வாங்கிவரும் குடை ஒவ்வொரு முறையும் காணாமற்போகிறது. கள்ளன் யார் என்று கண்டுபிடிக்கும்போது வகுப்பே சிரிக்கும். அதோடு, சிங்களக் கிராமத்தின் சிரிப்பைத் தமிழ்ப் பிள்ளை எட்டிப் பார்க்கும் யன்னலாகவும் அது இருக்கிறது.

எச்சரிக்கையாக ஒன்று: கதை முடிந்ததும் “உங்க வீட்டுல அப்படி நடந்துச்சா?” என்று பிள்ளைகளைக் கிளறாதீர்கள். பேச விரும்பும் பிள்ளை தானாக அருகில் வரும். கதைப் புத்தகம் சிகிச்சையாகாது. பிள்ளைக்குத் தூக்கமோ சாப்பாடோ நாட்கணக்கில் குலைந்திருந்தால் அதற்கு வைத்தியரும் உளவளத்துணையாளரும்தான் வேண்டும்.

எங்கே கிடைக்கும்?

காசில்லாமல் கிடைப்பதை முதலில் சொல்கிறேன். பெங்களூரின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 செப்டெம்பரில் ஸ்டோரிவீவர் என்ற இணையத்தளத்தைத் தொடங்கியது. ஏராளமான படக்கதைகள் தமிழிலும் உள்ளன. தரவிறக்கலாம், அச்சிடலாம், பிறருக்குக் கொடுக்கலாம், சொற்களை மாற்றி நம் பதிப்பாகவும் ஆக்கலாம். உரிமமே அதற்கு இடம் தருகிறது. கதைகள் நான்கு படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தரம் ஒன்றுக்கு முதல் இரண்டு படிநிலைகள் போதும். நகரத்தில் ஒருவர் தரவிறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு தோட்டம் முழுவதற்கும் போய்ச்சேரும்.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சிறு நூல்களை வெளியிட்டிருக்கிறது. அச்சு நூல்களில், 1996இல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகத்தின் படப் புத்தகங்கள் ஓவியத்தில் தரமானவை. பல தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் பதிப்புகள். பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் நூல்கள் கைக்கெட்டும் விலையில் வருபவை. உள்ளூரில், 2005இலிருந்து இங்கு இயங்கும் ரூம் டு ரீட் அமைப்பு, இந்நாட்டு எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் கொண்டு தமிழிலும் சிங்களத்திலும் சிறுவர் நூல்களை வெளியிட்டிருக்கிறது. அவற்றில் நம் நாட்டு முகங்களும் உடைகளும் இருக்கும். உங்கள் பாடசாலை நூலக அலுமாரியில் ஏற்கெனவே சில பூட்டிக் கிடக்கவும் கூடும். புதிதாக வாங்குவதற்கு முன் அந்தச் சாவியைக் கேளுங்கள்.

வாசிக்கத் தெரியாத வீட்டில்

அம்மா வளைகுடா நாட்டில், அப்பா கொழும்பில், பிள்ளை அம்மாயியிடம். மலையகத்தில் இது புதினமில்லை. அம்மாயிக்கு எழுத்துத் தெரியாது. அந்த வீட்டுக்கு வாசித்துக் காட்டச் சொல்லி அறிவுரை அனுப்புவது வீண்.

ஆனால் எழுத்தே இல்லாத படப் புத்தகங்கள் இருக்கின்றன. ஸ்டோரிவீவரிலும் சில உண்டு. படத்தைப் பார்த்துக் கதை சொல்வதில் அம்மாயியை வெல்ல ஆளில்லை. பொன்னர் சங்கரையும் காமன் கூத்தையும் விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். பெரிய வகுப்புகளுக்கு, ஷோன் டானின் ‘த அரைவல்’ (2006) கிடைத்தால் விடாதீர்கள். குடும்பத்தைப் பிரிந்து, மொழி தெரியாத ஊருக்குப் போகும் ஒரு மனிதனின் கதை, ஒரு சொல்கூட இல்லாமல். 1823இலிருந்து மலைக்கு நடந்து வந்தவர்களின் வழிவந்த பிள்ளைக்கும், இடம்பெயர்ந்து முகாமில் இருந்த குடும்பத்தின் பிள்ளைக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டிலிருக்கும் அம்மாவுக்கும் ஒரு வழி உண்டு. புத்தகத்தின் பக்கங்களைப் படமெடுத்து அவருக்கு அனுப்புங்கள். அவர் குரல்பதிவாக வாசித்து அனுப்பட்டும். “இப்ப பக்கத்தைத் திருப்பு” என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் சொல்லட்டும். இங்கே பிள்ளை புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பும். ஒரே பதிவை எத்தனை இரவும் கேட்கலாம்.

யார் வாசித்தாலும், நடுவில் நிறுத்திக் கேட்பது முக்கியம். அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹெர்ஸ்டும் சகாக்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் படப் புத்தகத்தை வெறுமனே வாசிக்காமல், திறந்த கேள்வி கேட்டு, பிள்ளையின் பதிலை நீட்டிச் சொல்லப் பழகினார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சுத்திறன் மற்றவர்களைவிட முந்தியிருந்தது. “இது என்ன?” என்பதற்கு ஒரு சொல்தான் பதில். “இவன் ஏன் ஒளிஞ்சுக்கிறான்?” என்றால் பிள்ளை ஒரு வாக்கியமாவது சொல்ல வேண்டும்.

கடையில் நின்றே செய்யக்கூடிய ஐந்து சோதனைகள்

ஒன்று, புத்தகத்தை நெஞ்சோடு பிடித்து, இன்னொருவரைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். படம் அவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். மங்கலான வெளிச்சமுள்ள காம்பராவில் மெல்லிய கோட்டுச் சித்திரங்கள் எடுபடாது.

இரண்டு, எழுத்தைக் கையால் மறையுங்கள். படங்களை மட்டும் பார்த்தே கதையின் போக்குப் புரிய வேண்டும்.

மூன்று, ஒரு பக்கத்தை ஒன்றிரண்டு மூச்சில் வாசிக்க முடிய வேண்டும். முழுக் கதையும் பத்து நிமிடத்துக்குள்.

நான்கு, திரும்பத் திரும்ப வரும் ஒரு வரியோ ஒலியோ இருந்தால் நல்லது. மூன்றாவது முறை பிள்ளைகளே முந்திக்கொண்டு சொல்வார்கள்.

ஐந்து, இதை இருபது தடவை வாசிக்க உங்களுக்கு மனமிருக்கிறதா? பிள்ளை இருபது தடவை கேட்கும். கடைசிப் பக்கத்தில் நீதியை மட்டும் திணித்த கதை இரண்டாம் தடவையிலேயே சலித்துவிடும்.

கொடுக்க நினைப்பவர்களுக்கு

புலம்பெயர்ந்த உறவுகளும் பழைய மாணவர் சங்கங்களும் ஆண்டுத் தொடக்கத்தில் புத்தகம் அனுப்புகிறார்கள். மனம் பெரியது. ஆனால் பாவித்த ஆங்கிலப் புத்தகங்கள் பெட்டி பெட்டியாக வந்து அலுமாரியை நிறைத்துவிட்டுப் பிள்ளையின் கைக்குப் போகாமலே பூஞ்சணம் பிடிக்கின்றன. நுவரெலியாவின் ஈரம் கடதாசியை விட்டுவைக்காது. அதே செலவில் பத்துத் தமிழ்ப் படப் புத்தகங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதி வாங்கி, தடித்த பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்பினால் ஒரு வகுப்பு முழுவதும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரலாம். அனுப்புமுன் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தரம் ஒன்றில் முதல் வாரங்கள் பிள்ளைகளை அறிந்துகொள்ளும் செயற்பாடுகளோடு போகும். எழுத்துவேலை சூடுபிடிக்காத அந்த நாட்களை விட்டுவிடாதீர்கள். மூன்று புத்தகம் போதும்: தன் முகம் தெரிய ஒன்று, வேறோர் ஊர் தெரிய ஒன்று, வயிறு குலுங்கச் சிரிக்க ஒன்று. நாளுக்குப் பத்து நிமிடம், மூன்றையும் மாற்றி மாற்றி. மூன்றாம் வாரத்தில் ஒரு பிள்ளை புத்தகத்தைத் தானே எடுத்து, எழுத்துத் தெரியாமலே பக்கம் பக்கமாகத் திருப்பி, “வந்தார்கள், போனார்கள்” என்று உங்கள் குரலில் தம்பிக்கு வாசித்துக் காட்டும். அன்றைக்கு எழுத்தைத் தொடங்குங்கள்.